சிறுபறையின் சுருதி

இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி எனப் பகுத்துக் காண்பது நம்மவர் வழக்கு. இவற்றுள் நரம்புக்கருவியைப் பற்றிப் பேராராய்ச்சி நிகழ்த்திய பெரியார் நமது பகுதியிலேயே தோன்றினார். காரைதீவில் 1892 ஆம் ஆண்டு பிறந்த சுவாமி விபுலாநந்தர், விஞ்ஞானமும் கணிதமும் கற்ற தமது அறிவை இசைத்தமிழின்பாற் செலுத்தி, யாழின் நரம்புகளைக் கணித நெறியால் ஆராய்ந்து கண்ட முடிவுகளை யாழ்நூல் என்னும் பெருநூலாக 1947 இல் உலகுக்கு அளித்தார். நரம்புக்குச் சுருதி உண்டு என்பதை இன்று யாவரும் ஒப்புவர். தோலுக்கும் சுருதி உண்டு என்பதையோ, மத்தளமும் மிருதங்கமும் பயின்றோர் நீங்கலாக, நம்மிற் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. பறை என்றால் அடிக்க ஒலிப்பது. அதன்மேல் அதற்கோர் இலக்கணம் வேண்டா என்று இருந்துவிடுகின்றோம்.

இவ்வெண்ணத்தினால் மிகுதியும் கேடுறுவது நமது பாடசாலைகளிற் பாண்ட் வாத்தியக் குழுவினர் தோளிலிட்டு முழக்கும் சைட் டிரம் என்னும் கருவியே. இதனை இக்கட்டுரையிற் சிறுபறை எனக் குறிப்போம். பிள்ளைத்தமிழ் நூல்களிற் பயின்ற மாணாக்கருக்கு அப்பெயர் புதிதன்று. நன்கு அமைந்த சிறுபறையின் ஒலி இறுகியதாய், குறுகியதாய், சோளம் பொரிவது போன்று பட்டெனத் தெறிப்பதாய் இருத்தல் வேண்டும். நடைபோடும் மாணாக்கரின் அடியும் பறையின் அடியும் ஒன்றுபடுவது அத்தெறிப்பினாலேயே. ஆயின் நமது விளையாட்டுப் போட்டிகளிற் பெரும்பாலும் கேட்பது தலையணையைத் தட்டினாற் போன்ற மந்தமான ஓசை. அன்றேல் தகரப்பேணியை உருட்டினாற் போன்ற சலசலப்பு. இவ்விரண்டும் கருவியின் குற்றமல்ல. அதனைப் பண்ணமைக்க அறியாத நமது குற்றமே.

இதனை யான் பிறரைக் குறைகூறும் நோக்குடன் எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் யான் பணியாற்றிய ஒரு பாடசாலையில், பழைய மாணவர்கள் பணம் திரட்டி வாங்கித்தந்த சிறுபறைகள் மூன்று இருந்தன. போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாக, "சத்தம் எழும்புதில்ல, சேர்" என்று பிள்ளைகள் வந்து முறையிட்டனர். இறுக்குங்கள் என்று கட்டளையிட்டவன் யானே. அவர்களும் தம் கையின் வலிமை முழுவதும் செலுத்தி, எட்டிய திருகாணிகளை எட்டியவாறு முறுக்கினர். ஒரு பறையின் கீழ்த்தோல் விளிம்போரம் கிழிந்தது. மற்றொன்றின் வளையம் கோணிற்று. மூன்றாவது கிழியவில்லை, ஆயின் அதன் ஒலி முன்னிலும் குன்றிப் பலகையைத் தட்டியது போலாயிற்று. போட்டியன்று பெரும்பறை ஒன்றுடன் மட்டும் அணிவகுப்பு நடந்தது. பிறர் உவந்தளித்த பொருளை எனது அறியாமையாற் பாழாக்கினேன் என்ற வருத்தம் நெடுநாள் நீங்கவில்லை.

அடுத்த கிழமை, தம் பேரனை அழைத்துச்செல்ல வந்த முதிய அண்ணாவியார் ஒருவர், மூலையிற் கிடந்த மூன்றாவது பறையைக் கண்டு மடியில் எடுத்து வைத்தார். கூத்துக்களரியில் மத்தளம் வாசித்துத் தழும்பேறிய விரலினால் விளிம்போரம் ஒவ்வொரு திருகாணியின் அருகிலும் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றிவந்தார். பின்பு, "சேர், இதுல ஒரு பக்கம் அழுகுது, ஒரு பக்கம் சிரிக்குது. எல்லாக் கண்ணும் ஒண்டாப் பேசணும். மத்தளத்துக்கும் இதுக்கும் ஒரே கணக்குத்தான்" என்றார். இக்கருவியை அவர் அதற்கு முன் கையாலும் தொட்டதில்லை. பட்டம் பெற்ற யானோ, எனது ஊரிலேயே வாழ்ந்த அவரை ஒரு சொல் கேட்டறியவும் எண்ணியதில்லை. அவர் கூறிய கணக்கு யாது என்பதை விளங்கிக்கொள்ளும் பொருட்டுப் பின்னர் யான் படித்தும் செய்தும் கண்டவற்றையே கீழே விளக்க முயல்கின்றேன்.

கருவியின் அமைப்பு

சிறுபறையின் கூடு மரத்தினாலோ உலோகத்தினாலோ ஆகிய குறுகிய உருளை. அதன் விட்டம் பெரும்பாலும் 14 அங்குலம். இருமுகங்களிலும் தோல் போர்த்து, அத்தோலை வளையத்தினால் அழுத்தி, வளையத்தைச் சுற்றிலும் எட்டு அல்லது பத்துத் திருகாணிகளால் இழுத்து நிறுத்துவர். கோல் படும் முகம் மேல்முகம், மற்றையது கீழ்முகம். கீழ்முகத்தின் குறுக்கே மெல்லிய சுருட்கம்பிகள் பல சேர்ந்த சரம் ஒன்று தோலைத் தொட்டவாறு கிடக்கும். இதனையே ஆங்கிலேயர் ஸ்நேர் என்பர். சரத்தை விலக்கவும் சேர்க்கவும் கூட்டின் பக்கத்தில் ஒரு நெம்பும், அதன் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகும் உண்டு.

தோல் என வழக்குப்பற்றிக் கூறினும், இன்று நாம் காண்பன பெரும்பாலும் பொலியெஸ்டர் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆயவை. கன்றின் தோலுக்குப் பதிலாக இப்பொருளைப் பறைக்கு இட்டு வணிகத்திற்குக் கொணரும் முயற்சி அமெரிக்காவில் 1956, 1957 ஆம் ஆண்டுகளில் வெற்றிபெற்றது. மேல்முகத்திற்கு இடுவது பொதுவாக ஏறத்தாழ 0.25 மில்லிமீற்றர் தடிப்புடையது. கீழ்முகத்திற்கு இடுவது ஏறத்தாழ 0.075 மில்லிமீற்றர் தடிப்பே உடையது. இவ்வேறுபாட்டை நினைவில் இருத்துக. பின்னர் இதனாற் பெரும்பயன் உண்டு.

இறுக்கமும் ஒலியும்

தோல் இழுபட்டு நிற்கும் நிலையைப் பௌதிக நூலார் இழுவை என்பர். சங்கப் புலவர் முழவினை வாரினால் இறுக்குதலை விசித்தல் என்ற அழகிய சொல்லாற் குறித்தனர். இழுவை கூடினாற் சுருதி உயரும் என்பதை நமது கோயில்களில் ஒலிக்கும் உடுக்கே எடுத்துக்காட்டும். உடுக்கடிப்பவர் இடையிலுள்ள கயிற்றை நெரிக்கும்போது ஒலி உயர்வதையும், கையைத் தளர்த்தும்போது தாழ்வதையும் சிறு பிள்ளைகளும் கேட்டிருப்பர்.

ஆயின் இழுவையும் சுருதியும் ஒரே அளவிற் கூடுவன அல்ல. தோலின் அதிர்வெண், இழுவையின் வர்க்கமூலத்திற்கு ஏற்பவே உயரும். எனவே சுருதியை ஒரு தாயி உயர்த்த, அதாவது அதிர்வெண்ணை இரட்டிக்க, இழுவை நான்கு மடங்காதல் வேண்டும். முதலிற் சிறிது திருகச் சுருதி விரைந்து உயர்வதும், இறுதியில் எவ்வளவு திருகியும் சிறிதே உயர்வதும் இதனாலாம். அவ்விறுதி நிலையிற் பிள்ளைகள் செலுத்தும் வலிமை ஒலியாய் வெளிப்படாது. தோலையும் வளையத்தையும் வருத்துவதாகவே முடியும்.

இனித் தோலின் அதிர்வு நரம்பின் அதிர்வினின்றும் வேறுபட்டது. நரம்பொன்றை மீட்டினால் அடிப்படைத் தொனியுடன் அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கான மேற்றொனிகள் எழுந்து இயைந்து ஒலிக்கும். சீராக இழுக்கப்பட்ட வட்டத்தோலில் எழும் மேற்றொனிகளோ அடிப்படையின் ஏறத்தாழ 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 மடங்குகளாக நிற்பன. இவை முழுவெண்கள் அல்லவாதலின் ஒன்றோடொன்று இயைவதில்லை. வெறும் தோலின் ஒலி இரைச்சலாக நம் செவிக்குத் தோன்றுவது இக்காரணத்தினாலேயே.

இக்குறையை நம் முன்னோர் வென்ற திறத்தை விஞ்ஞான உலகுக்கு உணர்த்தியவர் சேர் சி. வி. இராமன் அவர்கள். மிருதங்கத்தின் வலந்தலை நடுவே இடப்படும் கருநிறச் சாந்தினாலும் ஓரத்து மேற்றோலினாலும் அதன் தொனிகள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்னும் முழுவெண் ஒழுங்கிற்கு வந்து இயைகின்றன என்பதை அவர் 1920 ஆம் ஆண்டு நேச்சர் என்னும் விஞ்ஞான இதழிலும் பின்னர் விரிந்த ஆய்வுரையிலும் நிறுவினார். தோலின்மேல் மணலைத் தூவி, அஃது ஒதுங்கி நிற்கும் கோடுகளால் அதிர்வின் வகைகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தினார்.

சிறுபறையின் நோக்கம் வேறு. அதற்கு நெடிது நிற்கும் இன்னொலி வேண்டா; தோன்றியவுடன் மறையும் கூரிய ஒலியே வேண்டும். ஆதலின் அதற்குச் சாந்து இல்லை. எனினும் இழுவை சுற்றிலும் ஒத்திருத்தல் வேண்டும் என்ற விதி இரண்டற்கும் பொதுவானது. ஒருபுறம் இறுகி ஒருபுறம் தளர்ந்திருப்பின், ஒரே அதிர்வெண்ணுடன் எழவேண்டிய மேற்றொனி சற்றே வேறுபட்ட இரண்டாகப் பிரியும். அவ்விரண்டும் மோதி, மணியோசை நடுங்குவது போன்ற அடிப்புகளை உண்டாக்கும். அண்ணாவியார் ஒரு பக்கம் அழுகிறது, ஒரு பக்கம் சிரிக்கிறது என்றது இதனையே. மிருதங்கத்தின் விளிம்பைச் சுற்றிப் பதினாறு கண்கள் உண்டு. கலைஞர் கண்தோறும் தட்டிக் கேட்டு, உயர்ந்த இடத்தைத் தாழ்த்தியும் தாழ்ந்த இடத்தை உயர்த்தியும் ஒப்பாக்குவர். சிறுபறைக்குத் திருகாணியே கண்.

பண்ணமைக்கும் முறை

முதலாவதாக, பழைய தோலைக் கழற்றிக் கூட்டின் விளிம்பைத் துணியால் துடைத்தல் வேண்டும். விளிம்பிற் பிளவோ பள்ளமோ இருப்பின் எத்துணைத் திருகினும் பயனில்லை. கூட்டைச் சமமான மேசையிற் கவிழ்த்து வைத்து, ஒளி புகும் இடைவெளி உண்டோ எனப் பார்த்தல் எளிய சோதனை.

இரண்டாவதாக, கீழ்முகத்தை முதலில் அமைத்தல் நன்று. தோலையும் வளையத்தையும் இட்டு, எல்லாத் திருகாணிகளையும் விரலினால் மட்டும் முட்டும்வரை திருகுக. அதன் பின்னரே திருகுசாவியைக் கையில் எடுத்தல் வேண்டும். ஒன்றைத் திருகியபின் அதற்கு நேர் எதிரே உள்ளதைத் திருகுவதே முறை. பத்துத் திருகாணிகள் உள்ள பறையில் 1, 6, 3, 8, 5, 10, 7, 2, 9, 4 என்றும், எட்டு உள்ளதில் 1, 5, 3, 7, 2, 6, 4, 8 என்றும் செல்க. ஒருமுறைக்கு அரைச் சுற்றும், சுருதி அணுகியபின் காற்சுற்றும் போதும். அடுத்தடுத்துச் சுற்றிவரத் திருகினால் வளையம் ஒருபுறம் சாயும். எனது பிள்ளைகள் செய்த பிழை இதுவே.

மூன்றாவதாக, ஒப்பாக்குதல். கம்பிச்சரத்தை விலக்கிப் பறையை மெத்தென்ற துணியின்மேல் வைத்து மறுமுகத்தின் ஒலியை அடக்குக. தோலின் நடுவே ஒரு விரலை மெல்ல வைத்துக்கொண்டு, ஒவ்வொரு திருகாணிக்கும் நேரே விளிம்பினின்றும் ஓரங்குலம் உள்ளாகக் கோலின் நுனியால் தட்டுக. எங்கும் ஒரே சுருதி கேட்கும்வரை திருத்துக. ஓரிடம் உயர்ந்திருப்பின், வேண்டிய நிலைக்குக் கீழே இறக்கி, மீண்டும் ஏற்றி அந்நிலையை அடைதல் வேண்டும். இறக்கிய நிலையில் விட்ட திருகாணி விரைவில் தானே நெகிழும்.

நான்காவதாக, இருமுகங்களின் உறவு. தெறிக்கும் ஒலி வேண்டின் கீழ்முகத்தின் சுருதி மேல்முகத்தினும் உயர்ந்திருப்பது வழக்கம். மேல்முகத்தைச் சட்சமாகக் கொண்டாற் கீழ்முகத்தை அதன் மத்திமத்தில் அல்லது பஞ்சமத்தில் நிறுத்தலாம். இசையாசிரியர் ஒருவர் அருகிருந்து பாடிக்காட்டினால் மாணாக்கர் இதனை நொடியில் விளங்கிக்கொள்வர்.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. உயர்ந்த சுருதி என்றவுடன் கீழ்த்தோலை மேற்றோலினும் வலிந்து இழுக்கவேண்டும் என்று பலரும் கருதுவர். யானும் அவ்வாறே கருதினேன். உண்மை இதற்கு மாறானது. கீழ்த்தோல் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைந்த தடிப்புடையதாதலின் மிக இலேசானது. இலேசான தோல் அதே இழுவையில் உயர்ந்த சுருதியைத் தரும். இருமுகங்களுக்கும் ஒரே இழுவை கொடுத்தால், கீழ்முகம் மேல்முகத்தின் ஏறத்தாழ 1.8 மடங்கு அதிர்வெண்ணுடன் ஒலிக்கும். பஞ்சமத்திற்கு வேண்டியது ஒன்றரை மடங்கே. கணக்கிட்டுப் பார்ப்பின், பஞ்சமத்தில் நிற்கும் கீழ்த்தோலுக்கு மேற்றோலின் இழுவையில் மூன்றில் இரண்டு பங்கே போதும் என்பது புலனாகும். கையின் உழைப்பை அளவாகக் கொண்டு இருபுறமும் ஒப்ப முறுக்குவோர் கீழ்த்தோலைக் கிழித்துவிடுவது இதனாலேயே. சுருதிக்குச் செவியே அளவுகோல். கையின் நோவு அளவுகோலன்று.

ஐந்தாவதாக, மேல்முகத்தையும் இவ்வாறே ஒப்பாக்கிச் சிறிது சிறிதாக உயர்த்துக. கோல் தோலிற் பட்டுத் துள்ளி மீளும் நிலையும், பெருவிரலால் நடுவே அழுத்தினாற் சற்றே நெகிழும் நிலையும் சேர்ந்த இடத்தில் நிறுத்துதல் நன்று. அதற்கு மேலும் உயர்த்தினால் ஒலியின் உடல் அற்றுப் பலகையோசை தோன்றும். அயல்நாட்டுப் பாண்ட் குழுக்களிற் சிலவற்றின் பறைகள் கண்ணாடி உடைவது போன்று தெறிப்பதைக் கேட்டு அவ்வொலியை நமது பறையிலும் பெற விழைவோர் உளர். அப்பறைகள் கெவ்லார் போன்ற வலிய இழைகளால் நெய்த தோலும், பேரிழுவையைத் தாங்கும் கூடும் உடையன. சாதாரணப் பாடசாலைப் பறை அதனைத் தாங்காது.

கம்பிச்சரத்தின் பணி

தெறிப்பின் பிற்பாதியைத் தருவது கம்பிச்சரம். இத்தகைய அமைப்பு நமக்கு அயலானதன்று. உடுக்கின் ஒரு முகத்திற் குறுக்கே நூலோ நரம்போ கட்டுவது பழைய வழக்கு. அதன் சன்னமான நடுக்கமே உடுக்கொலிக்கு ஒரு சிலிர்ப்பைக் கொடுக்கின்றது.

சிறுபறையில் இது நிகழும் முறை வருமாறு. கோல் மேற்றோலை அடித்தவுடன் உள்ளிருக்கும் காற்று நெருங்கிக் கீழ்த்தோலைக் கீழ்நோக்கித் தள்ளும். தோலால் உந்தப்பட்ட சரம் அதனை ஒரு கணம் விட்டு விலகி, மீண்டும் வந்து மோதும். அம்மோதலே கூரிய சிதறொலி. ஆதலின் சரத்தை மட்டுமிஞ்சி இறுக்கினால் அது தோலை விட்டு விலகவே இயலாது, ஒலி நெரிபடும். மிகத் தளர்த்தினாலோ அடி ஓய்ந்த பின்னும் கலகலத்துக்கொண்டிருக்கும். முற்றும் தளர்த்தி, மெல்லத் தட்டிக்கொண்டே சிறிது சிறிதாகத் திருகி, கலகலப்பு நீங்கித் தெளிவு தோன்றும் இடத்தில் நிறுத்துவதே முறை. மூன்றாவது பறையின் ஊமைத்தன்மைக்குப் பாதிக் காரணம் இதுவென அண்ணாவியார் சரத்தைத் தளர்த்தியவுடன் தெரிந்தது.

அடிக்கும் இடமும் ஒலியை மாற்றும். நடுவே அடிப்பின் ஒலி காற்றில் விரைந்து பரவி விரைந்து அடங்கும். ஓரத்தில் அடிப்பின் மேற்றொனிகள் நீடித்து ஒலிக்கும். வறண்ட தெறிப்பு வேண்டுவோர் நடுவையே நாடுக. அவ்வாறு அடித்தும் ஓசை நீளுமாயின் விளிம்போரம் ஒரு சிறு துணித்துண்டை ஒட்டினாற் போதும். கூட்டின் பக்கத்திலுள்ள சிறுதுளை காற்றுப் போக்கிற்காக அமைந்தது. அழகுத்தாளை ஒட்டி அதனை மூடிவிடலாகாது.

ஈரமும் வெயிலும்

நமது பகுதியில் வடகீழ்ப் பருவமழை பொழிந்து, கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடும் நாட்களில் மத்தளமும் பறையும் தளர்ந்து போவதை அனைவரும் அறிவர். விலங்கின் தோல் காற்றிலுள்ள ஈரத்தை உண்டு நெகிழும். தணலின் சூட்டில் ஈரம் வற்றிச் சுருங்கி இறுகும். பறையைத் தீயிற் காய்ச்சுவதும், கல்முனைப் பகுதியில் பக்கீர்மார் றபானைச் சூடுகாட்டி இசைப்பதும் இவ்வுண்மை அறிந்தே.

இவ்வழக்கத்தைப் பார்த்த பிள்ளைகள் சிறுபறையையும் வெயிலில் வைப்பதுண்டு. பிளாஸ்டிக் தோலுக்கு இது பொருந்தாது. அதில் வற்றுவதற்கு ஈரமே இல்லை. சூடேறினால் அது சிறிது விரிந்து தளரவே செய்யும். மரக்கூடு வெயிலில் வெடிக்கவும் கூடும். ஆதலின் சிறுபறையை நிழலில் வைத்து, வாசிக்கும் இடத்திற்குக் கொண்டுசென்று சற்று நேரம் கழிந்தபின் சுருதியைச் சரிபார்த்தலே தக்கது. முன்னோர் செயலைப் பின்பற்றுமுன் அதன் காரணத்தை அறிதல் வேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

முடிவுரை

1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மேடையில் ஏற்றியதன் பயனாகக் கூத்தின் ஆட்டமும் பாட்டும் கற்றோர் மதிப்பைப் பெற்றன. மத்தளம் பண்ணமைக்கும் அண்ணாவிமாரின் செவியறிவும் அம்மதிப்புக்கு உரியதே. அஃது ஏட்டில் இல்லை. கையிலும் காதிலும் இருக்கின்றது. அவர்கள் மறையின் அதுவும் உடன்மறையும். பாண்ட் குழுவின் பொறுப்பாசிரியர்கள் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் ஊரிலுள்ள மத்தளக்காரர் ஒருவரையோ றபான் இசைப்பவர் ஒருவரையோ பாடசாலைக்கு அழைத்துப் பிள்ளைகளின் அருகில் அமர்த்துவாராயின், புதிய பறை வாங்கும் செலவும் குறையும். பழைய அறிவும் புதிய தலைமுறையைச் சேரும். பௌதிக ஆசிரியரும் உடனிருப்பின், வர்க்கமூலமும் மேற்றொனியும் கரும்பலகையில் மட்டும் உள்ளவை அல்ல என்பதை மாணாக்கர் தம் செவியாலேயே உணர்வர்.

கிழிந்த பறைக்குப் புதுத்தோல் இட்டோம். கோணிய வளையத்தை மாற்றினோம். மூன்றாவதற்குத் திருகுசாவி ஒன்றைத் தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. அடுத்த ஆண்டுப் போட்டியில் அம்மூன்றும் ஒருங்கே ஒலித்தபோது மைதானத்தின் மறுகோடியில் நின்ற சிறுவர்களும் தம்மையறியாமல் அடியெடுத்து வைத்தனர். அண்ணாவியார் பந்தலின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அணிவகுப்பு முடிந்ததும் என்னை அழைத்து, நடுப்பறையின் ஒரு கண் இன்னும் சற்றுத் தாழ்ந்திருக்கிறது என்றார். சென்று தட்டிப்பார்த்தேன், அவர் கூறியது சரியாகவே இருந்தது.